ஓவியரின் வாஷிங் மெஷின்

ஸ்ரீ கெம்பாங்கானில் எனக்கு ஒரு சின்னக் கடை. வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பதுதான் தொழில். தண்ணீர் ஒழுகுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது, சத்தம் தாங்க முடியவில்லை என்று தினமும் யாராவது கூப்பிடுவார்கள். மெஷின் சத்தமே போடவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர் இதுவரை ஒருவர்தான்.

ஷா ஆலமில் ஒரு வரிசை வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போட்டிருந்த கஃப்தான் அங்கி முழுக்கப் பெயின்ட் கறை. சமையலறைக்குப் பின்னால் அழைத்துப்போனார். மேல்பக்கம் மூடி உள்ள பழைய மெஷின். ஓடவிட்டேன். பக்கத்தில் நின்றால்தான் ஓடுவதே தெரிந்தது.

"நல்லாத்தானே ஓடுது, அக்கா?"

"அதான் பிரச்சன. போன மாசம் மகன் வந்திருந்தப்போ யாரையோ கூப்பிட்டு ரிப்பேர் பண்ணிட்டான். முன்ன துணி பிழியும்போது டொக்கு டொக்குனு அடிக்கும். அந்தச் சத்தத்தத் திரும்பக் கொண்டாங்க, தம்பி. அது இல்லாம எனக்குக் கை ஓடல."

அப்போதுதான் எதிர்ச் சுவரைக் கவனித்தேன். படம் வரையத் துணி இழுத்துக் கட்டிய, என்னைவிட உயரமான ஒரு சட்டம் சாய்ந்து நின்றது. முழுக்கச் சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை.

"பிள்ளைங்க சின்னதா இருந்தப்போ வரையறேன்னு சொன்னா யாரு விடுவா? வீட்டுல ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க" என்றார். "மெஷின் சத்தம் கேட்டா மட்டும், துணி துவைக்கிறா, இப்ப வரமாட்டானு விட்டுருவாங்க. அந்த நேரத்துலதான் வரைவேன். இப்ப இந்த வீட்டுல நான் மட்டும்தான். ஆனா அது என் கைக்குத் தெரியலியே."

மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். அழுக்கே இல்லாத இரண்டு பழைய துண்டுகள் கிடந்தன. துவைத்ததையே திரும்பத் திரும்பத் துவைக்கிறார் என்று புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

உள்ளே தொட்டியைத் தாங்கும் நான்கு கம்பிகளையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். அன்று காலையில் வேறொரு வீட்டில் கழற்றிய தேய்ந்த கம்பிகள் என் வேனில் இருந்தன. நல்ல கம்பியைக் கழற்றிவிட்டுக் கெட்டதை மாட்டுவது எனக்கு அதுவே முதல் தடவை. இரண்டை மாற்றிவிட்டு ஓட்டினேன். மெஷின் குதித்து இடம்விட்டு நகர்ந்தது.

"இது சண்ட போடுது. அது சும்மா முனகும்" என்றார்.

ஒன்றை எடுத்துவிட்டுப் பழையபடி நல்லதையே மாட்டினேன். பின்பக்கம் மட்டும் ஒரு தேய்ந்த கம்பி. மறுபடி ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதான்."

"அக்கா, இப்படியே ஓட்டுனா மெஷின் சீக்கிரம் போயிரும் லா."

அகலமான பிரஷ் ஒன்று அதற்குள் அவர் கையில் இருந்தது. மெஷின் வேகமெடுத்தது. அவர் வலது தோள் லேசாக ஆட ஆரம்பித்தது. சட்டத்தின் இடது ஓரத்தில் பிரஷை வைத்தார். நிறுத்தாமல் மறு ஓரம் வரைக்கும் நடந்தார். ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

அந்தக் கோடு விழுந்ததும் சாம்பல் நிறமெல்லாம் தண்ணீராகிவிட்டது. எப்படி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழைக்கு முன்னால் கிள்ளான் ஆறு கிடக்குமே, கனமாக, கலங்கலாக, மேலே மட்டும் வெளிச்சம் ஊர்ந்துகொண்டு, அது அப்படியே என் முன்னால் கிடந்தது. கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன். பூச்சோங்கில் அடுத்த வேலை காத்திருந்தது. போன் அடித்தது, பார்க்காமலே அணைத்தேன்.

மெஷின் நின்றது. அவர் கையும் நின்றது. திரும்பிப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"இன்னும் போகலையா நீங்க?"

வீட்டில் இதைச் சொன்னபோது மகள் அவர் பெயரைக் கேட்டதும் கத்தியேவிட்டாள். "அப்பா! எங்க ஆர்ட் புக்குல அவங்க படம் இருக்கு!" உடனே போனில் தேடி, உலகத்துப் பெரிய ஓவியர்களின் கிறுக்குத்தனங்களையெல்லாம் வாசிக்கத் தொடங்கினாள். ஒருத்தர் பூட்ஸைக் கழற்றாமலே தூங்குவாராம். ஒருத்தர் சந்தையில் கூண்டுப் பறவைகளை வாங்கிப் பறக்கவிடுவாராம். இன்னொருத்தர் கையில் சாவியைப் பிடித்தபடி நாற்காலியில் கண்ணயர்வாராம். சாவி விழுகிற சத்தத்தில் விழித்து, கண்ட கனவை வரைவாராம்.

சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "சரி, அவங்களுக்கெல்லாம் யாரு துணி துவைச்சா?" என்றாள்.

மகள் தேடிப் பார்த்தாள். அது எங்கேயும் போட்டிருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா எங்களைக் கண்காட்சிக்கு அழைத்தார். அந்தச் சாம்பல் நிறப் படம் ஒரு பெரிய சுவரில் தனியாக மாட்டப்பட்டிருந்தது. கூட்டம் இருந்தும் அதன் முன்னால் யாரும் சத்தமாகப் பேசவில்லை. என் மனைவி வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஓடுதுல்ல, தண்ணி?"

"ஓடுது" என்றேன்.