ஏழுமலை தலைக்குள் ஒரு லைட்டு

அடுத்தவர் தலையில் தொப்பி மாட்டிவிட்டு, கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்குக் காவல் இருப்பதுதான் என் பிழைப்பு. வீடு வீடாகப் போய் மிஷின் மாட்டும் அப்பாவிகளே, நீங்களாவது என் கதையைக் கேளுங்கள்.

எரியுதா, இல்லையா?

கோட்டைக்குப்பத்து மீனவர் ஏழுமலைக்கு வலிப்பு நோய். ஒருமுறை படகிலிருந்து ஏரியில் விழுந்துவிட்டார். அதிலிருந்து, வலை போட அவருடைய முறை வந்தாலும் ஊர் அவரை விடுவதில்லை. அந்த முறையைப் 'பாடு' என்பார்கள். பாடு போனால் பிழைப்பே போன மாதிரி.

சென்னை டாக்டர்கள் அவர் மூளைமேல் ஒரு சின்ன சில்லு, அதாவது சிப், வைத்திருந்தார்கள். தொப்பியிலிருந்து போகும் ஒளி மண்டையைத் தாண்டி அதை இயக்கும். மூளையில் நடப்பதை அதுவும் ஒளியாகவே திருப்பிச் சொல்லும். ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. வலிப்பு வரப்போகிறது என்றால் தொப்பி கீச்சிடும்.

இதையெல்லாம் அவர் மனைவி தனத்திடம் விலாவாரியாக விளக்கினேன். சில்லிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. சென்னையில் இருக்கும் என் ஆபீசுக்கு போன் போட்டுக் கத்தினேன். பிறகுதான் பார்த்தேன், தொப்பியின் சுவிட்சையே நான் போடவில்லை. தனம் கேட்டார்: "எரியுதா எரியலையான்னு உனுக்கே தெரியாதா சார்?"

தடை செய்யப்பட்ட லைட்டு

ஊர்க்கூட்டத்தில் அனுமதி கேட்கப் போனோம். "இனி ஏழுமலை லைட்டோடுதான் ஏரிக்குப் போவார்" என்று பெருமையாக ஆரம்பித்தேன். கூட்டம் கொதித்துவிட்டது. லைட் அடித்து மீன் பிடிக்க அங்கே தடை என்பது எனக்கு எங்கே தெரியும்! இது மீன் கண்ணுக்குத் தெரியாது, மனுஷன் கண்ணுக்கும் தெரியாது என்று கெஞ்சினேன்.

ஊர்த்தலைவர் சொன்னார்: "யாருக்குமே தெரியாத லைட்ட வெச்சினு இன்னாத்துக்குப்பா ஊர் ஊரா சுத்தறே? செரி, ஒரு பாடு போவட்டும். நீயும் கூட ஏறு. அவனுக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

கீச்

படகில் ஏழுமலை, அவர் மச்சான் குமார், நான். வலையை இறக்கும்போது தொப்பி கீச்சிட்டது. ஏழுமலை வலையை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் படகுக்குள் ஒருக்களித்துப் படுத்தார். வலிப்பு வந்தது, அடங்கியது. ஒரு கீறல்கூட இல்லை.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. "வேலை செஞ்சிடுச்சு!" என்று துள்ளினேன். அடுத்த நொடி ஏரிக்குள் இருந்தேன். குமார் என் சட்டைக் காலரைப் பிடித்துப் படகுக்குள் தூக்கிப் போட்டார்.

கண் தெளிந்த ஏழுமலை, சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "நான் உழப்போறேன்னு சொல்ல தொப்பி கீது. நீ உழப்போறேன்னு சொல்ல இன்னா சார் கீது?"

இப்போது ஏழுமலை ஒரு பாடு விடாமல் ஏரிக்குப் போகிறார். படகில் ஏறக்கூடாது என்று ஊர் தடை போட்டிருப்பது எனக்கு மட்டும்தான்.