தீவுக்கு ஐந்து படம், இரட்டைப்படை ரீல் மட்டும்

1. இரண்டாம் மெஷின்

ஆபரேட்டர் கேபினில் முதல் நாள் நான் வாங்கிய திட்டு, படம் பார்த்ததற்காக.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் அப்பா ஒருவர்தான். அதுவும் கூரைக்கு ஓடு மாற்ற. அதனால் நான் ஏதாவது ஆபீசில் உட்கார்ந்து எழுதுவேன் என்று லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவே எதிர்பார்த்தது. கிடைத்தது கன்டோன்மென்ட் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் அசிஸ்டென்ட் ஆபரேட்டர் வேலை. மெஷினுக்குள் விளக்காக எரிவது கார்பன் குச்சி. அதை மாற்றி மாற்றி என் விரலெல்லாம் கருத்ததைப் பார்த்து அப்பா, "பேனா புடிப்பேன்னு படிக்க வெச்சா, கரி புடிச்சிட்டு வந்து நிக்கிறே" என்றார்.

சீஃப் ஆபரேட்டர் காதர் பாய். முதல் நாள் அவர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்க்கச் சுவரில் விட்டிருந்த பக்கத்துத் துவாரத்தில் முகத்தை வைத்து, கதாநாயகி ஊஞ்சலாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகில் ஒரு தட்டு.

"அரே, டிக்கெட் வாங்கினியா?"

"இல்லீங்க பாய்."

"அப்போ என்னாத்துக்குப் பாக்குறே? உன் ரீலைச் சுத்தினியா? கார்பன் மாத்தினியா? என் மெஷின் ஓடும்போது உனக்குப் படம் நக்கோ, வேணாம். உன் மெஷின் ஓடும்போது எனக்குப் படம் நக்கோ. அவ்ளோதான் இந்த கேபின் சட்டம்."

சட்டத்துக்குக் காரணம் உண்டு. ஒரு படம் என்பது பதினைந்து, பதினாறு ரீல். இரண்டு மெஷின்கள் மாறி மாறி ஓட்டினால்தான் நடுவில் நிற்காமல் ஓடும். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை ரீலெல்லாம் ஒண்ணாம் மெஷினில். இரண்டு, நான்கு, ஆறு எல்லாம் இரண்டாம் மெஷினில். ஒண்ணாம் மெஷின் பாயுடையது. வேறு கை பட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று அவர் முழுமனதாக நம்பினார். ஆகவே இரண்டாம் மெஷின் எனக்கு.

அவர் ரீல் ஓடும் நேரத்தில், என்னுடைய முடிந்த ரீலை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவேன். பிலிம் தீப்பிடிக்கும் என்பதால் அந்த அறைக்கு இரும்புக் கதவு. மூடினால் உள்ளே ஒரு சத்தமும் வராது. ரீலைத் திருப்பிச் சுற்றி, கிழிசலை ஒட்டி, அடுத்த ரீலை மெஷினில் மாட்டுவதற்கும் பாயின் ரீல் முடிவதற்கும் சரியாக இருக்கும்.

இப்படி, வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் நான் பார்த்த படங்கள் எல்லாமே இரட்டைப்படை ரீல்கள்தான். எட்டாம் ரீலில் கட்டிலில் இருமிக்கொண்டிருந்த அம்மா, பத்தாம் ரீலில் மாலை போட்ட போட்டோவாகத் தொங்குவாள். துக்கம் விசாரிக்கக்கூட நேரம் இருக்காது, அதற்குள் டூயட் வந்துவிடும். 'லீவு நாளில் போய் முழுசாகப் பார்க்க வேண்டியதுதானே' என்று கேட்பீர்கள். லீவு நாளில் கண்டக்டர் பஸ்ஸில் ஊர் சுற்றுவாரா?

பாயிடம் கேட்டும் பார்த்திருக்கிறேன்.

"பாய், ஒம்பதாம் ரீல்ல என்ன ஆச்சு?"

"ரெண்டு எடத்துல ஒட்டு. ஒரு ஓரம் லேசாக் கிழிஞ்சிருக்கு."

"கதையில பாய்."

"கதையா?" என்று யோசித்தார். "யாரோ அழுதாங்க."

அப்புறம் நான் அவரைக் கேட்பதில்லை. இரும்புக் கதவுக்குள் ரீலைச் சுற்றிக்கொண்டே, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நானே கதை கட்டிக்கொள்வேன். கொஞ்ச நாளில் அது கட்டிய கதை என்பதே எனக்கு மறந்துவிடும்.

2. ரிச்சர்ட்ஸ் டவுனில் டீ

மறந்ததன் பலன் நான் பெண் பார்க்கப் போன அன்று தெரிந்தது.

பெண் ரோசலின், ஆரம்பப் பள்ளி டீச்சர். எங்கள் சர்ச் கொயரில் பாடுவார். வாராவாரம் ஞாயிறு காலை நான் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை விடாமல் பார்த்தது அது ஒன்றைத்தான். வேறு இடம் பார்க்கலாம் என்று யார் சொல்லியும் நான் கேட்கவில்லை. அவர் அப்பா ஞானமுத்து ஐயா ராணுவ ஸ்டோர்ஸில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, குணம் நல்ல குணம்னு பாஸ்டர் சொன்னார். எனக்கு யோசனை உங்க வேலையிலதான்."

என் அப்பா, "கவுரவமான வேலைதாங்க, லைசென்ஸ் எல்லாம் இருக்கு" என்றார்.

"லைசென்ஸ் இருக்கட்டும். எங்க வீட்டுப் பொம்பளைங்களும் சினிமாவுக்குப் போறாங்க. எப்பவோ ஒண்ணு, பரவாயில்ல. இவரு தெனம் மூணு ஆட்டம் பாக்கறாரு. அதுலயே குடி இருக்கறாரு. புத்தி என்னத்துக்கு ஆகும்?"

அப்போது ரோசலின் டீயும் ரோஸ் குக்கீஸ் என்கிற அச்சு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் போகவில்லை.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். இவரு புத்தி எப்படின்னு தெரிஞ்சிடும்." என் பக்கம் திரும்பினார். "என் கிளாஸ் பசங்களுக்கு ஒரு கட்டுரை குடுத்தேங்க. ஆளில்லாத தீவுக்கு எதை எடுத்துட்டுப் போவீங்கன்னு. முக்கால்வாசிப் பேர் பிரியாணின்னு எழுதிட்டாங்க. நீங்க சினிமாக்காரர். அஞ்சு படம் எடுத்துட்டுப் போலாம். எது எது?"

"தீவுல கரண்ட் ஏதும்மா?" என்றார் அப்பா.

"இருக்குன்னு வெச்சுக்கங்க அங்கிள்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பரீட்சை என்றால் எனக்குத் தைரியம் வந்துவிடும். ஐந்து படங்களைச் சொன்னேன். (பெயர்களை இங்கே எழுதவில்லை; பட முதலாளிகள் சண்டைக்கு வருவார்கள்.) ஐந்தும் நல்ல நீதி உள்ளவை. ரோசலின் ஐந்தையும் அத்தையோடு பார்த்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

"அந்த அண்ணன் தம்பி கேஸ் படம் எனக்கும் பிடிக்கும்" என்றார். "அதுல எது ரொம்பப் பிடிச்சது?"

"அண்ணன் செய்யாத கொலையைத் தான் செஞ்சேன்னு கோர்ட்ல ஒத்துக்கறது. சின்ன வயசுல தம்பி பட்டினியா தூங்கினப்போ, இவன் தனியா சாப்பிட்டுட்டான். அந்த ஒரு கவளம் ஆயுசுக்கும் தொண்டையில நிக்குது. அதுக்காகத்தான் தம்பி பழியைத் தன் மேல போட்டுக்கறான்."

ரோசலின் முழித்தார். "அப்படி ஒரு சீனே இல்லையே? வில்லன் கொழந்தையைக் கடத்திட்டு மிரட்டினான். அதனால ஒத்துக்கிட்டான்."

"கொழந்தையா? எந்தக் கொழந்தை?"

"சரி, அது போகட்டும். பாட்டுக்காரனுக்குக் கண்ணு தெரியாம போற படம் சொன்னீங்களே, அவனுக்குப் பார்வை எப்படித் திரும்பிச்சு?"

"ஒரு ஏழை டாக்டர் ஆபரேஷன் செஞ்சார். ஃபீஸ் வேண்டாம், தெனம் ஒரு பாட்டு பாடிட்டுப் போன்னார்."

"இடி இடிச்சுதுங்க. டமால்னு இடிச்சுது, கண்ணு தெரிஞ்சிடிச்சு."

ஞானமுத்து ஐயா டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு என் அப்பாவைப் பார்த்தார். "பார்த்தீங்களா? சினிமாவையாவது மன்னிப்பேன். பாக்காததைப் பாத்தேன்னு சொல்றாரே, இந்தப் பொய்யை எப்படிங்க மன்னிக்கறது?"

அப்பாவின் முகம் கருத்தது. அவருக்கும் நான் சொன்னது பொய்யாகத்தான் பட்டது. அந்த நிமிஷம் எழுந்து வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"ஐயா, பொய் இல்லீங்க" என்று இரண்டு சாசர்களை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு ரோஸ் குக்கியை ஒண்ணாம் சாசரில் வைத்து இது பாயின் ரீல் என்றேன். இன்னொன்றை இரண்டாவதில் வைத்து இது என்னுடையது என்றேன். இரும்புக் கதவைச் சொன்னேன். சுற்றுவதைச் சொன்னேன். யாரோ அழுதாங்க என்று பாய் சொன்னதையும் சொன்னேன்.

ரோசலின் சாசர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அஞ்சு படத்துலயும் பாதிதான் பாத்திருக்கீங்களா?"

"ஆமாங்க."

"மீதி?"

"ரீல் சுத்தறப்போ நானே போட்டுக்குவேன்."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்பா, இவரு நீங்க பயப்படற அளவுக்கு சினிமா பாத்ததே இல்ல" என்றார்.

ஞானமுத்து ஐயா சிரிக்கவில்லை. கணக்குப் போட்டார். "சர்வீஸ் எத்தனை வருஷம் தம்பி?"

"நாலு."

"நாலுல பாதி ரெண்டு. அப்போ ரெண்டு வருஷத்துக் கெடுதல்தான்." என் அப்பாவிடம் திரும்பிச் சொன்னார்: "ஸ்டோர்ஸ்ல முழு டேமேஜ்னாதாங்க தள்ளுவோம். பாதி டேமேஜ்னா எடுத்துக்குவோம்."

3. ஒண்ணாம் மெஷின்

மறுநாள் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பாய், நீங்கன்னா தீவுக்கு எந்த அஞ்சு?" என்றேன்.

"ஒட்டு இல்லாத பிரிண்டா அஞ்சு குடு. எந்தப் படமா இருந்தா என்னா?"

கல்யாணம் முடிந்த மாதம், அந்த அண்ணன் தம்பி படம் சனிக்கிழமைக் காலைக் காட்சிக்கு மறுபடி வந்தது. கல்யாணப் பரிசு என்று தியேட்டர் ஆட்கள் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பாய் கொடுத்தது வேறு.

"இந்த ஒரு ஆட்டம் நீ ஒண்ணாம் மெஷின்ல நில்லு. பாத்து. அது மேல ரொம்பக் கை வெக்காதே."

ரோசலின் பால்கனியில். நான் துவாரத்தில். முதல் தடவையாக ஒற்றைப்படை ரீல்கள். குழந்தையை உண்மையாகவே கடத்தினார்கள். வில்லன் ஒரு ரீலில் பாதியைச் சிரித்தே தீர்த்தான். தனியாகச் சாப்பிடும் அண்ணன் மட்டும் வரவில்லை. இதோ வருவான், அடுத்த ரீலில் வருவான் என்று நான் காத்திருந்தேன்.

ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும்.

"புள்ளி! டேய், புள்ளி!" என்று பாய் கத்தினார்.

திரை வெள்ளையாகி நின்றது. கீழே தரை டிக்கெட் முழுக்க விசில். பாய் எட்டி மாற்றிவிட்டு, என்னைத் திட்டாமல் மெஷினைத் தடவிக்கொடுத்தார். "நாலு வருஷமா உன்னை ஏன் கதை பாக்கவுடல, இப்போ தெரியுதா?" என்றார்.

அன்று பிரேசர் டவுன் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனோம். ரோசலின் கேட்டார், "திரை வெள்ளையாச்சே, அது நீங்க போட்ட ரீலா?"

"ஆமாம்."

"அதான் நெனச்சேன்." ரோட்டைத் தாண்டியதும் கேட்டார், "உங்க படம் எப்படி இருந்திச்சு?"

"அது என் படமே இல்ல."

"ஆமா" என்றார். "அந்த அண்ணன் தனியா சாப்பிடற சீன் எப்போ வரும், எப்போ வரும்னு நானும் கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

எங்கள் ஆபரேட்டர்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுது, புதுசாக வரும் பையன்களுக்கு உதவும் என்று செக்ரெட்டரி கேட்டதால் இதை எழுதினேன். நான் கற்றது இவ்வளவுதான்: உன் மெஷின் ஓடும்போது புள்ளியைப் பார். அடுத்தவர் மெஷின் ஓடும்போது உன் ரீலைச் சுற்று. கதையில் விட்டுப்போனதை நீயே போட்டுக்கொள். வீட்டில் கேட்க ஆள் இருந்தால் அதுவே நல்ல படம். நான் தீவுக்குப் போவதானால் அதே ஐந்துதான், இரட்டைப்படை ரீல் மட்டும். ஒற்றைப்படை ரீல்களைப் பாயிடமே விட்டுவிட்டுப் போகிறேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.