சண்டையில்லாத பத்தாவது மாடி

சண்டை போட்டால் மூளை தேய்ந்துபோகும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். பி.காம். படித்துவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மனதார நம்பினேன்.

அம்மாவின் மறதிக்கு முதல் அறிகுறி சமையலறையில் தெரிந்தது. ரசத்துக்குப் புளி கரைத்தவள், அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றாள். விரல்களிலிருந்து புளித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் உடனே குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்: அடுத்த வீட்டு சாவித்திரி மாமி.

ஸ்ரீவராகத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். விடிந்ததும் அம்மாவுக்கும் மாமிக்கும் சண்டை. யார் கோலம் யார் வாசலுக்குள் வந்தது, யார் தெளித்த தண்ணீர் யார் மாவைக் கரைத்தது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. பிரித்துவிட்டால் பிழைத்துவிடுவாள் என்று வீட்டைப் பூட்டி, ஊருக்கு வெளியே பத்தாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடிபோனோம்.

அங்கே அப்படியோர் அமைதி. தென்னந்தலைகளுக்கு மேலே மேகம் ஜன்னலை உரசிக்கொண்டு போகும். மழை பெய்வது தெரியும், விழுவது கேட்காது. காலை எப்போது மதியமானது என்று எங்களுக்கே புரியாது. காய் நறுக்கக்கூட விடாமல் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தோம்.

"பாத்தியா, எவ்வளவு சாந்தம்!" என்றேன் மனைவி கீதாவிடம்.

"ஏன்னா, அது சாந்தம் இல்லை. நேத்திலேர்ந்து அம்மா ஒரு வார்த்தை பேசலையாக்கும்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்டார். அம்மா அவருடைய கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "மாங்கா, சாவி, வள்ளம்!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

"டெஸ்ட் சாருக்கல்ல, அம்மைக்காக்கும்" என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில்.

அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்ற பயம். அன்று முழுக்க அந்த மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். பழவங்காடி சிக்னலில் பச்சை விழுந்தும் ஸ்கூட்டரை எடுக்காமல் "வள்ளம், வள்ளம்" என்று படகைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றவனை, பின்னாலிருந்த பஸ் டிரைவர் வேறு சில சொற்களால் எழுப்பினார்.

ஸ்கேனில் தெரிந்தது வாஸ்குலர் டிமென்ஷியா (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் வரும் மறதிநோய்). டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார். காதைச் சோதிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அம்மை பகல் முழுக்க யார்கிட்ட பேசும்?"

"யார்கிட்டயும் இல்லை டாக்டர். ராணி மாதிரி வச்சிருக்கோம்."

"முன்னே?"

சண்டையைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சண்டை நின்னதால வந்த நோயில்ல, கேட்டோ. பக்ஷே, மிச்சம் இருக்கிற மூளைக்கு வேலை வேணும், நடை வேணும், பேச ஆள் வேணும். எல்லாத்தையும் நீங்க பறிச்சுட்டீங்க, அல்லே?"

மறுநாள் காலை அம்மாவை ஸ்ரீவராகத்துக்கு அழைத்துப் போனேன். ஈரத் தெருவில், தூக்கத்தில் நடக்கிறவளைப்போல் வந்தாள். பூட்டிய எங்கள் வீட்டு வாசலிலும் கோலம் இருந்தது. வாசல் வெறுமையாகக் கிடக்கக்கூடாதென்று சாவித்திரி மாமி தினமும் இரண்டு வாசலுக்கும் சேர்த்தே போட்டிருக்கிறாள்.

அம்மா நின்றாள். உதடு அசைந்தது.

"சாவித்திரி..." குனிந்து ஒரு புள்ளியை விரலால் தொட்டாள். பிறகு, "எங்காத்து வாசல்ல உனக்கென்னடி வேலை?"

மாமி வெளியே வந்தாள். "வந்துட்டியா விசாலம்? உன் பிள்ளை உன்னை மேகத்துல கொண்டு வச்சிருக்கான்னு எல்லாரும் சொன்னா. புள்ளி சரியா இருக்கா, பாரு."

"நீ என்னிக்குடி சரியா வச்சே?"

"வாயைப் பாரு இவளுக்கு!" என்ற மாமி, மாவு படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே திரும்பி வந்துவிட்டோம். அம்மா இப்போது காய் நறுக்குகிறாள், கோணல்மாணலாக. காதில் கருவி இருக்கிறது. மாமி வீடு சில நாள் அவளுக்குப் பக்கம், சில நாள் பொன்முடி மலை தூரம். ஒரே பிற்பகலில் தன் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் போய்வருகிறாள். நானும் கூடப் போகப் பழகிவிட்டேன். என் உடம்பும் அவள் வேகத்துக்கு வந்துவிட்டது. எதையாவது மறந்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், வரும்போது வரட்டும் என்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தேடிப்போய்ச் சண்டை பிடித்துக் கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான். அம்மாவுக்குக் குணமாகவில்லை. பேசுகிறாள். போன மாதம் இருந்த சில சொற்கள் இந்த மாதம் இல்லை.