லாமிசி கை வைத்த பொதி

அக்ராவின் காந்தமாந்தோ சந்தையில் பழைய துணிப் பொதியை யாரும் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, சுமப்பவளின் சும்மாட்டின் மேல் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அவள் நடந்துவிடுவாள். போய்ச் சேருகிற கடையில் மறுபடி இரண்டு பேர் இறக்கிவிட வேண்டும். நடுவில் உட்கார முடியாது, குனிய முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. வெளிநாட்டில் இயந்திரத்தால் அமுக்கி, பட்டை போட்டு இறுக்கி அனுப்புகிற பொதி அது. வளர்ந்த ஆளின் கனம் இருக்கும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் கழுத்து போய்விடும்.

போன மழைக்காலத்தில் ஃபாத்தி என்கிற சுமைக்காரப் பெண்ணுக்கு அப்படித்தான் போயிற்று. எங்கள் சந்தில் சாக்கடைக்கு மேல் ஒரு பலகை கிடக்கும். அதில் கால் வழுக்கியது. நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கியபோது அவள் கிடந்தாள். பொதி அவளுக்குப் பக்கத்தில் ஒரு சேதமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் லாமிசியும் ஒருத்தி. வடக்கே வாலேவாலே பக்கத்திலிருந்து, மழை பொய்த்த ஒரு வருடம் பஸ் ஏறி அக்ராவுக்கு வந்தவள். வந்த புதிதில் இந்த ஊர் பாஷையில் “ஆகோ, ஆகோ” என்று வழி விடச் சொல்வது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே பல வருடம் பொதி சுமந்தாள். இப்போது அவள் கழுத்து இடது பக்கம் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்பை முழுக்கத் திருப்பித்தான் பார்ப்பாள். “லாரி திரும்புது, ஒதுங்குங்கடி!” என்று மற்றப் பெண்கள் கத்துவார்கள். அவளும் சிரிப்பாள்.

ஃபாத்தியைப் புதைத்துவிட்டு வந்த பிறகு லாமிசி ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். கடைக்காரர்கள் பொதியைப் பிரிக்கும்போது ஓரமாக நின்று பார்ப்பாள். விற்க முடியாமல் என்னென்ன ஒதுக்குகிறார்கள் என்று கவனிப்பாள். கறை பட்ட சட்டை, ஜிப் போன குளிர் கோட்டு, அக்குள் கிழிந்த பனியன். சாயங்காலம் அதையெல்லாம் திரும்ப அள்ளிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவதும் சுமைக்காரப் பெண்கள்தான்.

“நாம சுமக்கறது துணின்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்,” என்றாள் ஒரு நாள், தேநீர்க் கடைப் பெஞ்சில். “பாதி குப்பை. அதையும் ஒரு தடவை உள்ள, ஒரு தடவை வெளிய. ஃபாத்தி செத்தது ஜிப்பு போன கோட்டுக்கு.”

அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பொதியை லாரியடியிலேயே பிரித்துப் பாதிப் பாதியாகத் தூக்க விடுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பொதியாகவே வரவழையுங்கள் என்று பெண்கள் கேட்டார்கள். கடைக்காரர்கள் சம்மதிக்கவில்லை. பொதியைத் தெருவில் பிரித்தால் அதிர்ஷ்டம் காற்றோடு போய்விடும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. தன் கடைக்குள், தன் ஆட்கள் மட்டும் இருக்கும்போதுதான் பட்டையை வெட்டுவார்கள். உள்ளே தங்கமா தகரமா என்பது அடுத்த கடைக்குத் தெரியக்கூடாது.

அப்போது பெண்கள் ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். முழுப் பொதியில் ஒருத்தியும் கை வைக்கக்கூடாது. வைத்தால், சில்லறைச் சுமைக்கு அவள் வைத்திருக்கும் அலுமினியச் சட்டியைக்கூட இனி யாரும் தலையில் ஏற்றிவிட மாட்டார்கள். இந்தத் தண்டனையைச் சொன்னது ஃபாத்தியின் தங்கை அசாரா. ஏற்றிவிட ஆள் இல்லாவிட்டால் சுமைக்காரிக்குப் பிழைப்பே இல்லை.  ஆனாலும் ஒவ்வொருத்தியாகச் சும்மாட்டைத் தொட்டு ஒப்புக்கொண்டார்கள்.

கட்டுப்பாடு நின்றது. லாரிகளில் பொதிகள் இறங்காமல் கிடந்தன. வெளிநாட்டுத் துணிக் கம்பெனி ஆட்கள் சிலர், தாங்கள் அனுப்புகிற துணிக்குப் பொறுப்பேற்பது பற்றிப் பேச வருவதாக இருந்தார்கள். இறக்குமதிக்காரர்கள் லாமிசியிடம் சொல்லி அனுப்பினார்கள்: அதுவரைக்கும் நீங்கள் உடையாமல் நின்றால் உங்களையும் கூப்பிட்டுப் பேசுகிறோம், உடைந்தால் பேச்சு இல்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் தலாதா பொதி சுமந்தாள்.

தலாதாவும் வடக்கத்திக்காரிதான். வாய் நீளம். கட்டுப்பாடு போட்ட அன்றே, “லாமிசிக்குக் கழுத்து திரும்பல, அதனால எங்க வயிறு காயணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனவள். எங்கள் சந்தின் கடைசியில் பெரிய கடை வைத்திருக்கும் செர்வாம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். லாரியடியில் செர்வாம்மா ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம் பிடித்துப் பொதியை ஏற்றிவிட்டார்கள். “நீ நட, நான் பின்னாலயே வர்றேன்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த பொதியைப் பார்க்க அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஆகோ! ஆகோ!”

அந்தக் குரல் கேட்டுச் சில நாளாகியிருந்தது. சந்தின் இரண்டு பக்கமும் சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள்.

“அடிப்பாவி, தலாதாடி!”

“செர்வாம்மா வீட்டுல கெங்கே களி நல்லா இருந்துச்சா தலாதா? மீனு பெருசா?”

“உன் சட்டிய இனிமே உன் புருஷன் தூக்கி வைப்பான் போ!”

தலாதா பதில் சொல்லவில்லை. அவளால் முடிந்திருந்தால் சொல்லியிருப்பாள். அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. இவ்வளவு ஏச்சுக்கு வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை அவள். முகத்தில் வேர்வை வழிந்தது, கண் ஓரிடத்திலேயே குத்தி நின்றது. சில நாள் சுமக்காமல் இருந்த கழுத்து. அந்தப் பொதியோ மழைக்கோட்டுப் பொதி, சாதாரணப் பொதியைவிடக் கனம்.

பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

நிற்கக்கூடாத இடம் அது. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சாக்கடை.  சும்மாடு மெல்ல நழுவிப் பின்மண்டைக்குப் போவது தெரிந்தது.

“இறக்கி விடுங்கடி,” என்றாள். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

ஏச்சு நின்றுவிட்டது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். கை வைக்கக்கூடாது என்று சொன்னபோது ஏற்றுவதை நினைத்துத்தான் சொன்னார்கள். இறக்குவதை யாரும் நினைக்கவில்லை. ஏற்றாத பொதியை இறக்க வேண்டி வரும் என்று யாருக்குத் தோன்றும்?

எல்லோரும் லாமிசியைப் பார்த்தார்கள். அவள் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சந்தில் இருக்கிற கடைக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் கை பட்டால் கட்டுப்பாடு உடைந்தது என்று சொல்ல அத்தனை வாய் காத்திருந்தது.

லாமிசி எழுந்தாள். பலகையைத் தாண்டி வந்து பொதியின் ஒரு பக்கம் இரண்டு கையையும் கொடுத்தாள்.

“அக்கா!” என்று கத்தினாள் அசாரா. “கை வெச்சா முடிஞ்சுது அக்கா! நாளைக்கு எவன் நம்மள கூப்பிடுவான்?”

“அந்தப் பக்கம் பிடி.”

“மாட்டேன். அவ தானா ஏத்திக்கிட்டது. எங்கக்காவ யாரு இறக்கி விட்டா?”

ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பொதி மறு பக்கம் சரியும். சரிந்தால் கழுத்தையும் சேர்த்து முறிக்கும். லாமிசியால் தூக்கவும் முடியாது, விடவும் முடியாது. கனத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பாத அவள் கழுத்தில் நரம்பு புடைத்தது. தலாதாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் பொதியைப் பிடித்திருந்தன.

“அசாரா,” என்றாள் லாமிசி. மூச்சு வாங்கியது. “உங்கக்கா விழுந்தப்போ கை எட்டற தூரத்துல யாரும் இல்ல. இப்போ நீ இருக்கே.”

அசாரா ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். யாரைத் திட்டினாள் என்று தெரியாது. சொல்லிக்கொண்டே பாய்ந்து வந்து மறு பக்கத்தைப் பிடித்தாள். இருவரும் ஒன்றாகத் தூக்க, தலாதா கீழிருந்து நழுவி வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பொதி பலகைக்கு முன்னால், சந்தை அடைத்துக்கொண்டு, தொப்பென்று உட்கார்ந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்!” செர்வாம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “தலைவியே கை வெச்சாச்சு! போட்ட சட்டம் அவங்களே ஒடச்சாச்சு! இனிமே என்ன? ரெண்டு பேரு வாங்கடி, தூக்கி என் கடையில போடுங்க.”

கடைக்காரர்கள் சிலர் கை தட்டினார்கள்.

லாமிசி முழு உடம்பையும் அவள் பக்கம் திருப்பினாள். “ஆமாம்மா, நான் ஒடச்சேன். எனக்குத் தண்டனை உண்டு. ஆனா நான் இறக்கினேன், ஏத்தல. ஏத்தறதுக்கு யாரு வர்றான்னு கேட்டுப் பாருங்க.”

செர்வாம்மா கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள், அதட்டிக் கேட்டாள். தலாதாவையும் பார்த்தாள். தலாதா முகத்தைத் திருப்ப முயன்று, முடியாமல், கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

டிரைவர் லாரியோடு போய்விட்டான். தள்ளுவண்டி இந்தச் சந்தில் நுழையாது. பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. வாக்யே சோற்றுச் சட்டியோடு ஒருத்தி மாட்டிக்கொண்டு, “செர்வாம்மா, உங்க பொதிக்கு இங்கயே கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா? என் சோறு ஆறுது!” என்று கூவினாள். சற்று முன் கை தட்டிய கடைக்காரர்களே, “வழிய விடும்மா, யாவாரம் கெடுது!” என்று கத்த ஆரம்பித்தார்கள்.

செர்வாம்மா என் மேஜையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்தாள். கேட்கவில்லை.  பட்டையில் கத்தரியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உதடு முணுமுணுத்தது. அப்புறம் வெட்டினாள்.

அமுக்கி வைத்த துணி மூச்சு விட்டது போல் புடைத்து வழிந்தது. எல்லோர் கண்ணும் அதில்தான். மேலே இரண்டு மூன்று நல்ல மழைக்கோட்டு. அதற்கடியில் ரப்பர் உதிர்ந்து ஒட்டிக்கொண்ட கோட்டுகள், பூஞ்சை பிடித்தவை, கை ஒன்று இல்லாதவை. நாய்க்குப் போடுகிற சட்டைகூட ஒன்று இருந்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்து, செர்வாம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அசாராதான் முதலில் தன் சட்டியை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். நல்லதை அள்ளிப் போட்டாள். இன்னொருத்தி வந்தாள். சட்டியைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். குப்பையை யாரும் தொடவில்லை. செர்வாம்மாவே அதைக் குனிந்து அள்ளிக் கட்டினாள்.

மத்தியானம் பெண்கள் லாரிகள் நிற்கும் இடத்தில் கூடினார்கள். லாமிசி தண்டனை கேட்டாள். “எனக்கும்தான்,” என்றாள் அசாரா.

“ரெண்டு பேரயும் தள்ளி வெச்சா நாளைக்கு யாரு பேசறது, நானா?” என்றாள் பல் போன ஸெனாபு. “நான் பேசினா காத்துதான் வரும்.”

சிரித்துவிட்டு முடிவு செய்தார்கள்: ஏற்றக் கை கிடையாது, இறக்கக் கை உண்டு. லாமிசி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தான் கை வைத்தபோது இருந்த சட்டம் வேறு என்றாள். அடுத்த சில நாட்கள் தன் சட்டியை யாரையும் தொட விடவில்லை. தலையில் ஏற்றாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அரைச் சுமை கால் சுமையாக அலைந்தாள்.

மறுநாள் லாமிசியையும் அசாராவையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். இறக்குமதிக்காரர்களில் ஒருவர், முந்தின நாள் கட்டுப்பாடு உடைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். லாமிசி பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து செர்வாம்மா எழுந்தாள். ஒரு மூட்டையை அவிழ்த்து, வந்திருந்த வெளிநாட்டு ஆட்களின் காலடியில் கொட்டினாள். நாற்றத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம்.

“உடைஞ்சது என் பொதி,” என்றாள் செர்வாம்மா. “இனிமே முழுப் பொதி வந்தா லாரியிலயே கிடக்கட்டும். நான் வாங்கறதா இல்ல.”

அவளுக்கு லாமிசியின் மேல் அன்பு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வாங்குகிறவள் வேண்டாம் என்றால் இறக்குமதிக்காரருக்குக் காது கேட்கும். எங்கள் சந்துக்கு மட்டும் பாதிப் பொதி வரவழைக்கிறோம் என்றார்கள். மற்றச் சந்துகளைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். கம்பெனி ஆட்கள் லாமிசியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் இடது பக்கம் பாருங்கள் என்று கேட்டதற்கு அவள் முழுக்கத் திரும்பி, முதுகைக் காட்டிவிட்டாள் என்று அசாரா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தலாதா ஊருக்குப் போய்விட்டாள். கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள், நடக்கிறாள் என்று செய்தி வந்தது.

பாதிப் பொதி வர ஆரம்பித்துவிட்டது. சந்தையை ஒட்டி ஓடும் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கச் சந்துகளில் இன்னமும் முழுப் பொதிதான். லாமிசி அங்கே போய்ப் பேசுகிறாள். நேற்று ஒரு கடைக்காரர் அவள் மேல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி விரட்டினார். இன்று காலை பாவாடையை மாற்றிக்கொண்டு, அசாராவையும் கூட்டிக்கொண்டு, மறுபடியும் அந்தப் பக்கம்தான் போனாள்.