சுவருக்கு மேலே கேட்ட வசனம்

போன ஞாயிறு ஹட்டனில் ஒரு சின்ன மண்டபத்தில் குறும்படம் பார்த்தேன். இயக்கம் – என் தங்கை மகள் தர்ஷினி. நடிப்பு – அவள் தம்பி நிரோஷன். ஒலிக்கு யார் பொறுப்பு? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆணை விரும்பும் பையன், பெண்ணை விரும்பும் பெண் – இவர்கள் வளர்கிற கதையைச் சொல்லும் குறும்படங்களை யூடியூபில் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அப்பா அம்மாவுக்கு விஷயம் கடைசியில்தான் தெரிகிறது. முதலில் தெரிவது அக்காவுக்கோ தம்பிக்கோ. ஏன்?

பெற்றவர்களுக்கு நம்மைப் பற்றி ஒரு கனவு இருக்கிறது. கூடப்பிறந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே கம்பளிக்குள் உதைத்துக்கொண்டு தூங்கியவர்கள்... அவர்களுக்கு நாம் எப்படியோ அப்படித்தான்.

சரி, அந்தப் படங்களில் பையன் எங்கே வைத்து உண்மையைச் சொல்கிறான்? மொட்டை மாடியில். கடற்கரையில். கதவைச் சாத்திய தன் அறையில். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீடுகளில் இதில் எது இருக்கிறது?

படப்பிடிப்பு நடந்தது தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, அக்கரப்பத்தனையில், என் தங்கை மல்லிகாவின் வீட்டில். கதை சில வருடங்களுக்கு முன் நடப்பது. சுவரில் தொங்கும் கலண்டர் முதல் மேசையில் இருக்கும் ஃபோன் வரை அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

தர்ஷினி கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். ஃபோனை ஸ்டாண்டில் பொருத்தினாள். நிரோஷன் வசனத்தைச் சொன்னான்.

"அக்கா, எனக்குப் பொம்பளப் புள்ளைங்க மேல அப்படி வரலக்கா. பசங்க மேலதான் வருது."

"இன்னொரு தடவ," என்றாள்.

சொன்னான். இன்னொரு தடவை. மறுபடியும்...

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. மேலே தகரத்துக்குக் கீழே ஒரு முழ இடைவெளி. அந்த வழியாகப் பக்கத்து வீட்டு இருமல், சண்டை, ரேடியோ எல்லாம் நம் வீட்டுக்கு வரும். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அவர்கள் சத்தம் நம் காதில் ஏறுவதே இல்லை. அதனால் நம் சத்தமும் அவர்களுக்குக் கேட்கும் என்பதே மறந்துபோகிறது. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மூன்று பேரும் செய்தோம்.

சுவருக்கு மேலிருந்து பார்வதி அக்காவின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்.

"தம்பி, மெல்லமா சொல்லுடா. ஓடிக்கிட்டே சொல்ற மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தர்ஷினிக்கு முகம் வெளுத்துவிட்டது. பார்வதி அக்கா வீட்டில் தீபாவளி முறுக்கு. அங்கே பிழிந்துகொண்டிருந்தது மல்லிகா.

கதவு திறந்தது. தங்கை நின்றாள். இரண்டு கையிலும் மாவு. தர்ஷினி சட்டென்று ஃபோனை அணைத்தாள்.

"என்னடா சொல்லிக்கிட்டு இருக்க?"

"நடிப்பும்மா," என்று அக்காக்காரி முந்திக்கொண்டாள். "நான் எழுதுன வசனம். படத்துக்கு."

தப்பிக்க எவ்வளவு நல்ல வழி. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மல்லிகாவும் அதை எதிர்பார்த்துத்தான் நின்றாள். அப்பா இல்லாத வீடு. இருப்பது அம்மாவும் அக்காவும்தான். ஒரு வார்த்தையில் பாதி வீட்டை இழக்கலாம் என்பது அந்தப் பையனுக்குத் தெரியாதா?

நிரோஷன் அக்காவைப் பார்த்தான். பிறகு அம்மாவை.

"இல்லம்மா. நெசம். நான் இவகிட்ட சொன்னதத்தான் இவ எழுதியிருக்கா."

மெல்லமாகத்தான் சொன்னான்.

பக்கத்தில் எண்ணெய் கொதிப்பது கேட்டது. பார்வதி அக்காதான் பொறுக்கமுடியாமல், "மல்லிகா, முறுக்கு கருகுது," என்றார்.

"எடுத்துப் போடுங்கக்கா," என்றாள் தங்கை. "நான் இங்க இருக்கேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அக்காவுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டாள். "ஓ.எல். பரீட்சை எழுதுனப்ப," என்றான். "அப்ப நான் என்ன, வெளியாளா?" என்று அழுதாள். அவள் அழுதது அதற்காக மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் பொய். அந்தத் தீபாவளிக்கு மேல்வீட்டிலிருந்து – லயத்தில் மேல்பக்கத்து வீடு, அவர்கள் காதிலும் விழுந்திருந்தது – வழக்கமான பலகாரத் தட்டு வரவில்லை. மல்லிகா ஒரு வாரம் மகனோடு சோறு, தண்ணி தவிர வேறு பேசவில்லை. ஆனால் மேல்வீட்டுக்குத் தட்டு அனுப்பினாள். நிரோஷன் கையில்தான் கொடுத்து அனுப்பினாள். "நீ ஏன் ஒளியணும்?" என்றாளாம்.

படத்தை வெளியே காட்டலாமா என்று தர்ஷினி தம்பியிடம்தான் முதலில் கேட்டாள். "காட்டு. பார்வதி அத்தை குரல வெட்டாத," என்றான்.

வெட்டவில்லை. ஹட்டன் மண்டபத்தில் அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள், பிறகு மெல்லமாகச் சொல்லி எடுத்த அவன் வசனம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. பெரிய ஊர்களில் எடுத்த எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன் – எதிலும் இது நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க உண்மையைச் சொன்ன பையன் எங்கள் பையன். அவனுக்கு முன் போய் நின்றுகொண்ட அக்கா எங்கள் பெண். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வரும்போது லிந்துலைப் பக்கத்து இளைஞன் ஒருவன் மல்லிகாவிடம் வந்தான். பக்கத்திலேயே நிரோஷன்.

"அம்மா, உங்க மகன் பிரமாதமா நடிச்சிருக்காருங்க."

தங்கை மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"அவன் எங்கங்க நடிச்சான்? நடிக்கிறத விட்டுட்டான்."