வைட்டமின் டப்பா

கொரோனா ஊரடங்கு வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆனால் எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் காலம் தள்ளியவனைச் சும்மா விடுவார்களா? வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மாத்திரை போய்ச் சேர்கிறதா என்று போனில் விசாரிக்க ஆள் போதவில்லை என்றார்கள். ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து பிறருக்கு விதிமுறை சொல்வது எனக்குச் சுகமான வேலை. ஒப்புக்கொண்டேன்.

என் பொறுப்பில் வந்தவர்களில் ஒருவர் ஒடிசாக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை. பட்டறை பூட்டிக் கிடந்தது. முத்தாபுதுப்பேட்டையில் ஊர்க்காரர்கள் பலரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். நோய் விஷயம் அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றே ஊரில் மனைவிக்கும் தெரிந்துவிடும்.

தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. இடையில் விட்டால் கிருமி தலைதூக்கும்; பிறகு அதே மருந்து கேட்காமலும் போகலாம். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் பதிவு செய்திருந்த மையம் நகரத்துக்குள். பஸ் இல்லை. வேறு மையத்தில் வாங்கிக்கொள்ள விதி இருந்ததால் ஆவடிப் பக்கம் பேசி, மூன்று மாத மாத்திரையைத் தன்னார்வலர் ஒருவர் மூலம் தெருமுனையில் கொடுக்கச் செய்தேன். என் பணிக்காலத்தில் எதுவும் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

எங்கள் மையத்தில் தரும் மாத்திரையை அதன் சொந்த டப்பாவில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. பெயரைப் பார்த்தால் எவனும் கைபேசியில் தேடிவிடுவான். அதனால் வைட்டமின் டப்பாவில் கொட்டிவைப்பார்கள். மையத்தில் இருந்த நாங்களும் வாய்மொழியாக அதையே சொல்வோம். கொரோனா வரும்வரை வைட்டமின் டப்பாவை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போதோ நாடே வைட்டமினைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதும், ஊர்க்காரர்கள் இவர் பையிலிருந்த டப்பாவை எடுத்துவிட்டார்கள். திருட்டு என்று சொல்ல முடியாது. அந்த அறையில் அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாமே பொது. மாத்திரை மட்டும் எப்படித் தனியாக இருக்கும்? ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டார்கள். இவருக்கும் நேர்மையாக ஒரு பங்கு வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் என்னை அழைத்தார். பட்டறையில் கற்ற தமிழ்.

“இன்னா சொல்லித் தடுக்கறது சார்? நீ மட்டும் பொழைக்கப் பாக்கறியான்னு கேக்கறானுங்க.”

தலை சுற்றும், வேண்டாம் என்று பயமுறுத்தச் சொன்னேன். ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒருவருக்கு உண்மையிலேயே சுற்றியதாம். மருந்து வேலை செய்கிறது என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்களாம். நாங்கள் வருடக்கணக்கில் கெஞ்சியும் வராத ஒழுங்கோடு, அந்த அறையில் நோயில்லாத அத்தனை பேரும் மாத்திரை போட்டார்கள்.

தொலைந்த மாத்திரைக்கு மாற்று தரலாம். விதி எனக்கு மனப்பாடம். ஆனால் நோயாளி நேரில் வர வேண்டும், மருத்துவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவரைக் கொரோனா வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மையத்தின் ஆலோசகர் என்னோடு பல வருடம் வேலை பார்த்த பெண்.

“சார், நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்க. ரூல் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கு” என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டும் வார்டு வாசலில் காத்து நின்று, நோயாளி வராமலேயே கையெழுத்தை வாங்கினார். மாத்திரையோடு தன்னார்வலர் முத்தாபுதுப்பேட்டைக்குப் போனபோது அறை பூட்டியிருந்தது. ஒடிசாவுக்குச் சிறப்பு ரயில் என்று திடீரென்று அழைப்பு வந்து, எல்லோரையும் போலீஸ் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தனியாகப் பின்தங்க அவரால் என்ன காரணம் சொல்லியிருக்க முடியும்?

மறுநாள் ரயிலிலிருந்து பேசினார். மற்றவர்கள் தூங்கும்போது அவர்கள் பைகளில் தேடிப் பார்த்தாராம்.

“பாதிப் பேரு துன்னு முடிச்சிட்டானுங்க சார். கொஞ்சந்தான் கெடச்சுது.”

ஊரில் மாவட்ட மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளலாம், உங்கள் பதிவை அங்கே மாற்றச் சொல்லி நான் மாற்றல் கடிதம் அனுப்புகிறேன் என்றேன்.

“அங்க மருந்து குடுக்கறவன் எங்க ஊருக்காரன் சார். அவன்கிட்ட கை நீட்டினா ஊட்ல போய்ச் சொல்லிடுவான்.”

அதோடு இணைப்பு அறுந்தது. அந்த எண் பிறகு வேலை செய்யவில்லை. இருந்தாலும் மாற்றல் கடிதத்தை முறைப்படி அனுப்பிவைத்தேன். அப்படி யாரும் இங்கே வரவில்லை என்று அங்கிருந்து முறைப்படி பதில் வந்தது.