தடை கேட்டு உடைத்த தேங்காய்

கோட்டைக்கு வெளியே இருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் ஊரில் யாரும் பரீட்சை எழுதுவதில்லை, வண்டி வாங்குவதில்லை, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதில்லை. தடைகளை நீக்கிக் கொடு என்று கேட்பார்கள். நான் மட்டும் அங்கே போய் ஒரு தடையை உண்டாக்கிக் கொடு என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

விழிஞ்ஞம் போகும் வழியில், கடலைப் பார்த்த ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் படகுகளை, இங்கத்திப் பேச்சில் வள்ளங்களை, கட்டும் பட்டறை. ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்வருவேன். முதலாளியம்மா களியக்காவிளைப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைத் தவறவிடாதவர், கணவர் போன பிறகு பட்டறையைத் தாமே நடத்துகிறார். அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் பசையைப் பூசி, உருளையால் தேய்த்து, இறுகியதும் அடுத்த பாயை விரிப்பார்கள். வள்ளம் அப்படித்தான் உருவாகிறது. பாய் வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு லாரியில் வரும். விலை மலிவு.

அந்த மலிவுதான் வில்லங்கம். வெளிநாட்டார் அடக்க விலைக்கும் கீழே இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று இந்திய ஆலைகள் டெல்லியில் முறையிட்டன. அரசு விசாரணை தொடங்கியது. முறையீடு சரி என்று முடிவானால் இறக்குமதிப் பாய்க்குத் தனி வரி விழும். செய்தி வந்த அதே வாரத்தில்தான் முதலாளியம்மா மீனவ அண்ணன் தம்பிகள் நால்வருக்கு நான்கு வள்ளம் செய்து தருவதாக விலை பேசி முடித்திருந்தார். பேசிய விலையை ஏற்றும் வழக்கம் அவரிடம் இல்லை. நான்குக்கும் சேர்த்துப் பாய் வாங்கிப் போட முதலும் இல்லை. ஒரு வள்ளம் இறங்கினால்தான் அடுத்ததற்குப் பாய். நடுவில் வரி விழுந்தால் மிச்ச வள்ளங்கள் நஷ்டம், பட்டறைக்குப் பூட்டு.

"விசாரணை எப்ப முடியும், சாமி?" என்று கேட்டார். எங்கள் அக்ரஹாரத்துக்காரர்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு விதி."

"நம்ம நாலு வள்ளம்?"

"மழையில ரெசின் சரியா இறுகாது. அதையும் சேர்த்தா ஒரு வருஷத்துக்கு மேலே."

அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். "அப்போ அவங்க மெல்லப் போகணும், நாம வேகமாப் போகணும். அவ்வளவுதானே? சாரமில்ல, பாத்துக்கலாம்."

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவியின் தம்பி வடக்கே ஒரு கண்ணாடி இழை ஆலையில் எஞ்சினீயர். முறையிட்ட ஆலைகளில் அதுவும் ஒன்று.

"அத்திம்பேர், எங்க உலையிலே பாதியை அணைச்சாச்சு. வரி வந்தாத்தான் மூச்சு விட முடியும். நீங்க அந்த மலிவுப் பாயிலே வள்ளம் பண்ணிண்டு சௌக்கியமா இருங்கோ," என்றான் ஃபோனில்.

"நான் எங்கேடா பண்றேன்? கணக்குதான் எழுதறேன்."

"எதிர்க்கட்சிக்குக் கணக்கு எழுதறதுதான் பெரிய குத்தம்."

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "சண்டை போடறதுன்னா ஸ்பீக்கரை அணைச்சுட்டுப் போடுங்கோ. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

முதல் தேங்காயைப் பழக்கத்தில்தான் வாங்கினேன். கையை ஓங்கி, "எந்தத் தடையும் வராமல்" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வேண்டியதே தடைதானே! பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். "டெல்லியில் மட்டும் கொஞ்சம் தாமதமாகட்டும்" என்று திருத்திச் சொல்லி உடைத்தேன்.

"விக்னம் போக்கறவர்கிட்டே போய் விக்னம் கேட்டேளா? நன்னா இருக்கு!" என்று மனைவி சிரித்தாள். சிரித்தது போதாதென்று தம்பிக்கும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே, விசாரணை நடத்திய அதிகாரிக்கு மாற்றல் வந்தது. வாதங்களைக் கேட்டவரே முடிவும் சொல்ல வேண்டும் என்பது முறை. ஆகவே புது அதிகாரி முன்னால் எல்லாரும் மறுபடி வந்து முதலிலிருந்து பேச வேண்டும். முதலாளியம்மாவிடம் சொன்னபோது நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். "உம்ம பிள்ளையாரு ஆளு கொள்ளாமே, கெட்டிக்காரருதான், சாமி! கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், அடுத்த தேங்காய் கம்பெனி செலவு." தேங்காயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். ஆடிட்டருக்குப் பதில் சொல்ல முடியாது. என் கைக்காசிலேயே வாங்கிக்கொண்டேன்.

இரவு மைத்துனன் கூப்பிட்டான். "அநியாயம், அத்திம்பேர்! நான் இங்கே கொழுக்கட்டை படைச்சுண்டிருக்கேன், அவர் அங்கே உங்க தேங்காயை வாங்கிண்டு உக்காந்துட்டார்."

"கொழுக்கட்டைக்கு உள்ளேயும் தேங்காய்தானேடா. அசல் எங்கே கிடைக்கறதோ அங்கே போறார்."

அடுத்து, ஆலைகள் கொடுத்த கணக்குகளுக்குப் புது அதிகாரி விளக்கம் கேட்டார். அதற்கும் அடுத்து, அரசு விசாரணைக் கெடுவை ஆறு மாதம் நீட்டித்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் கோவிலுக்குப் போயிருந்தேன் என்பது உண்மை. தேங்காயை டைரியில் ஒரு வரியிலும், தாமதத்தை வேறொரு வரியிலும் எழுதினேன். இரண்டையும் சேர்த்து எழுதுவது என் வழக்கமல்ல. அதற்குள் மூன்று வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தன.

நீட்டிப்பு முடியும் வாரம் நவராத்திரி. கொலுவுக்கு வந்த மைத்துனன், எதிரி முகாமைப் பார்க்க வேண்டும் என்று என் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்காவது வள்ளத்துக்கான பாய், சுங்கம் கடந்து, கொச்சியிலிருந்து லாரியில் அப்போதுதான் வந்து நின்றது. இறக்க ஆள் போதவில்லை. முதலாளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிதான் நம்ம வயித்துல அடிக்கிற ஆளா?"

"ஆமாம்மா. நீங்கதான் எங்க உலையை அணைச்சவாளா?"

"அது நானில்ல, உம்ம அத்திம்பேருக்க தேங்காய். சும்மா நிக்காதேயும், வந்து ஒரு கை பிடியும்."

அவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு சுருளைத் தோளில் ஏற்றினான். பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இழை நன்னாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன்," என்று முனகினான். நாலடி நடந்திருப்பான், ஃபோன் அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தவன் முகம் மலர்ந்தது. முடிவு வெளியாகிவிட்டது, வரி போடச் சொல்லிப் பரிந்துரை. அது ஆணையாவதற்கு நிதி அமைச்சகத்தின் ஒப்புதல்தான் பாக்கி. ஏற்கெனவே சுங்கம் கடந்துவிட்ட பாய்க்கு அந்த வரி கிடையாது.

"வந்துடுத்து, அத்திம்பேர்! வந்துடுத்து!" என்று சுருளோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"சந்தோஷத்துல கீழ போட்டிராதேயும் தம்பி!" என்று முதலாளியம்மா அலறினார். "அது என் நாலாவது வள்ளம்!"

லாரி டிரைவர் முதல் எல்லாரும் சிரித்தோம். தன் வெற்றிச் செய்தியை எதிரியின் பாயைச் சுமந்தபடி கேட்டவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். சுருளைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, இன்னொன்றை எடுக்கத் தானாகவே திரும்பி வந்தான்.

கிளம்பும்போது முதலாளியம்மா முற்றத்து மரத்தின் தேங்காய் ஒன்றை அவன் கையில் வைத்தார். "அஞ்சாவது வள்ளத்துக்கு ஒருத்தன் கேட்டிட்டுப் போயிருக்கான். உம்ம ஆலையில பாய் என்ன விலைன்னு கேட்டுச் சொல்லும். இதை நீர் என்னமும் செய்யும், நான் ஒண்ணும் கேக்கல்ல."

மறுநாள் காலை கோவிலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். "உங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சு, எனக்கும் கிடைச்சாச்சு. இப்போ என்ன கேக்கறது, அத்திம்பேர்?" என்றான்.

"ஒண்ணும் கேக்காதே. உடை."

இரண்டும் ஒரே சமயத்தில் சிதறின. எது யாருடைய சில்லு என்று தெரியவில்லை.